குசினி வாசலில் நின்ற சொல்

தியாகலிங்கம் மாஸ்டர் ஆங்கிலத்தைக் கண்ணால் படித்தவர். காதால் படிக்க அவருக்கு யாரும் வாய்க்கவில்லை. சண்டிலிப்பாயில் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்து, தமிழ் வாத்தியாராகி, மீசை கறுத்த பிறகுதான் ஆங்கிலப் புத்தகத்தைக் கையில் எடுத்தார். எழுத்தெழுத்தாகக் கூட்டி, அகராதியைப் புரட்டிப் புரட்டி, ஒரு சோதினைக்குப் பிறகு இன்னொரு சோதினையாகப் பாஸ் பண்ணி, சுன்னாகத்துக்குப் பக்கத்திலிருந்த ஆங்கிலப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பிக்க வந்து சேர்ந்தார். அவர் எழுதும் ஆங்கிலத்தில் வெள்ளைக்காரன்கூடப் பிழை பிடிக்க மாட்டான். கதைக்கத் தொடங்கினால் மட்டும் அது வேட்டி கட்டி, திருநீறு பூசி, சால்வை போட்டுக்கொண்டு வரும். அதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் அந்தக் காலத்து யாழ்ப்பாணத்தில் அது பெரிய குற்றம். ஒருவன் என்ன சொன்னான் என்று கேட்பவர்களைவிட எப்படிச் சொன்னான் என்று கேட்பவர்கள்தான் சபைகளில் முன்வரிசையில் இருந்தார்கள்.

அவருடைய மனைவி ஞானாம்பிகைக்கு ஆங்கிலம் காது வழியாக வந்தது. தகப்பன் மலாயாவில் ரயில்வே உத்தியோகம். மகளை இங்கே ஒரு வெள்ளைக்காரச் சீமாட்டி நடத்திய விடுதிப் பள்ளியில் விட்டுவிட்டுப் போனார். அந்தச் சீமாட்டிக்கு ஒரு பழக்கம் இருந்தது. பிள்ளைகள் ஒரு சொல்லைச் சொல்லும்போது பென்சிலால் மேசையில் ஒரு தட்டுத் தட்டுவாள். சொல் எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஒரே தட்டுத்தான். எந்த அசையில் பாரம் விழ வேண்டுமோ அந்த அசையில் அது விழும். மற்ற அசைகள் அதைச் சுற்றி அடங்கி ஒடுங்கிப் போகும். வருடக் கணக்காக அந்தத் தட்டைக் கேட்டு வளர்ந்த ஞானாம்பிகைக்கு, பிழையாகச் சொன்ன சொல் காதில் விழுந்தால், சோற்றில் கல் கடிபட்ட மாதிரி இருக்கும்.

கலியாணமான புதிதில் ஒருநாள் இந்தக் காதும் அந்தக் கண்ணும் முட்டிக்கொண்டன. மாஸ்டருடைய அண்ணை கதிரவேலுவின் வீட்டில் பொங்கல். சாப்பாடு முடிந்து ஆண்கள் விறாந்தையில் சாய்ந்திருக்க, மாஸ்டர் ஆங்கிலப் பேப்பரை விரித்து உரக்க வாசித்து, வாசித்ததைத் தமிழில் விளக்கிக்கொண்டிருந்தார். அண்ணை புகையிலைத் தோட்டக்காரர். தம்பி ஆங்கிலம் வாசிப்பதைக் கேட்பதில் அவருக்கு அப்படியொரு பெருமை. யாரோ ஒரு பட்டாளத்து அதிகாரியின் பெயர் வந்தது. மாஸ்டர் எழுத்தில் உள்ளபடியே, "கொலோனல்" என்று வாசித்தார். கதவுக்குப் பின்னால் வெற்றிலைத் தட்டோடு நின்ற ஞானாம்பிகை சிரித்துவிட்டாள்.

"அது கொலோனல் இல்லை, கேர்ணல்!"

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. விடுதியில் பெட்டையள் ஒருத்தியை ஒருத்தி திருத்திச் சிரிக்கிற மாதிரிச் சிரித்தாள். கதிரவேலு அண்ணைதான் வயிறு குலுங்கச் சிரித்து, "எட தம்பி, உன்ரை வாத்தியார் உள்ளுக்கையெல்லோ இருக்கிறா!" என்றார். விறாந்தை முழுவதும் சிரித்தது.

மாஸ்டரும் சிரித்தார். பிறகு பேப்பரை நான்காக மடித்து மடியில் வைத்துக்கொண்டார். வீட்டுக்கு வந்தும் அவளை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருந்தால் அழுது தீர்த்திருப்பாள், விஷயம் அன்றைக்கே முடிந்திருக்கும். அவர் பேப்பரை உரக்க வாசிப்பதை மட்டும் விட்டுவிட்டார். அண்ணை கேட்டாலும், "கண் நோகுது அண்ணை" என்று சொல்லித் தட்டிக் கழித்தார்.

ஞானாம்பிகை அதைப் பார்த்தாள். அன்றைக்கே மனதுக்குள் ஒரு பூட்டுப் போட்டாள். இனி இந்த மனிசன் எந்தச் சொல்லை எப்படிச் சொன்னாலும் நான் வாய் திறப்பதில்லை. வருடங்கள் போகப் போக அந்தப் பூட்டு அவளுடைய ஆங்கிலத்தையே பூட்டிவிட்டது. மகள் மகாதேவி பிறந்து, வளர்ந்து, பள்ளிக்கூடம் போகத் தொடங்கினாள். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியும் என்பதே அந்தப் பிள்ளைக்குத் தெரியாது.

இப்படி இருக்கையில்தான் பள்ளிக்கூடத்துக்கு ஒரு ஆய்வுகூடம் கட்டினார்கள். நீளமான மேசைகள், கண்ணாடிக் குழாய்கள், பித்தளைத் தராசு எல்லாம் வந்திறங்கின. மேல்வகுப்புகளுக்கு விஞ்ஞானம் தொடங்கப் போகிறார்கள். அதற்குப் பொறுப்பாக யாரைப் போடுவது? பள்ளிக்கூட மனேச்சருக்கு மனம் ஊசலாடியது. மதராசிலிருந்து பட்டதாரி ஒருவரைக் கூப்பிடலாம். அல்லது பட்டமில்லாத, ஆனால் இவ்வளவு காலமும் கண்ணாடிப் போத்தலையும் மெழுகுதிரியையும் வைத்துக்கொண்டே பிள்ளைகளுக்கு விஞ்ஞானத்தைக் காட்டிக்கொடுத்த தியாகலிங்கத்தைப் போடலாம். கடைசியில் மனேச்சர் ஒரு வழி கண்டுபிடித்தார். பரிசளிப்பு விழாவுக்குக் கொழும்பிலிருந்து கல்விப் பகுதி வெள்ளைக்காரத் துரை வருகிறார். அவர் முன்னால் தியாகலிங்கம் மாணவர்களை வைத்து ஒரு விளக்கப் பாடம் நடத்தட்டும். துரைக்குப் பிடித்தால் ஆய்வுகூடம் மாஸ்டருக்கு. இல்லையென்றால் மதராசுக்குக் கடிதம் போகும்.

மாஸ்டர் அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தபோது நடையே வேறு மாதிரி இருந்தது. முகம் கழுவாமல், கோட்டைக் கழற்றாமல், நேரே குசினி அடுப்படிக்கு வந்து சொன்னார். "எனக்கு அந்த அறை கிடைச்சால் போதும், இஞ்சேரும். வேறை ஒண்டும் வேண்டாம்." அவர் ஏதோவொன்றை வேண்டுமென்று வாய்விட்டுச் சொன்னதை ஞானாம்பிகை அதற்கு முன் கேட்டதில்லை.

பாடத்துக்கு அவர் எடுத்துக்கொண்ட பொருள் புகையிலை. அண்ணையின் தோட்டத்தில் உலர்த்திப் பாடம் பண்ணிய இலைகளில் நல்லதாகப் பார்த்து வாங்கி வந்தார். மத்தியான வெயிலில் தொட்டால் நொறுங்கிப்போகிற இலை, விடியப் பனியில் துணி மாதிரித் துவண்டுவிடுகிறது. ஏன்? காற்றிலுள்ள ஈரத்தை அது தானாகவே உறிஞ்சிக்கொள்கிறது. தொண்டைமானாற்று உப்பும் அப்படித்தான். மாரிகாலத்து ஈரக் காற்றுக்குச் சும்மா கிடந்து கசியும். இந்தக் குணமுள்ள பொருளுக்கு ஆங்கிலத்தில் ஒரு பெயரடை இருக்கிறது. ஹைக்ரோஸ்கொப்பிக். பாடம் முழுவதும் அந்தச் சொல்லைச் சுற்றித்தான் ஓடியது. எந்தப் பக்கம் திரும்பினாலும் அது வந்து நின்றது.

மாஸ்டர் அந்தச் சொல்லை வாழ்க்கையில் ஒருவர் வாயாலும் கேட்டதில்லை. பழைய தமிழ் வாத்தியாரல்லவா, தனக்குத் தெரிந்த வழியில் அதைப் பிரித்தார். ஹைக், ரோஸ், கொப், பிக். செய்யுளுக்குச் சீர் பிரிக்கிற மாதிரி. நாலும் நேரசை. "தேமாந்தண்பூ!" என்று தனக்குள்ளே சந்தோஷப்பட்டார். நாலு நேரசை வந்த சீருக்கு இலக்கணம் வைத்த பெயர் அது; அச்சொட்டாகச் சரி. நேரசை என்றால் ஒன்றுக்கொன்று குறைச்சலில்லை. ஆகவே நாலுக்கும் நாலு தட்டு, ஒரே அளவில், ஒரே பாரத்தில்.

மறுநாளிலிருந்து பின்னேரங்களில் அவர் பாடத்தைச் சொல்லிப் பழகத் தொடங்கினார். வழக்கமாக விறாந்தையில் மேசை போட்டு மனதுக்குள்ளே வாசிக்கிற மனிதர், கடதாசியைக் கையில் பிடித்துக்கொண்டு குசினி வாசலுக்கு வந்துவிட்டார். வீட்டில் மற்ற இடங்களில் புழுக்கமாக்கும் என்று ஞானாம்பிகை நினைத்தாள். அடுப்புப் புகை முகத்தில் அடிக்கிற இடத்தைவிடப் புழுக்கமான இடம் அந்த வீட்டில் எது என்று யோசிக்க அவளுக்குத் தோன்றவில்லை. வாசல் நிலையில் விரலால் தட்டித் தட்டி உரக்கச் சொன்னார்.

"ஹைக் – ரோஸ் – கொப் – பிக்!"

தேங்காய் திருவிக்கொண்டிருந்த ஞானாம்பிகையின் கை நின்றது. அந்தச் சொல்லை அவள் விடுதியில் கேட்டிருக்கிறாள். ஊதாக் கொண்டையூசி குத்திய தாவரவியல் ஆசிரியை ஒருத்தி அடிக்கடி சொல்லுவாள். முதல் இரண்டு அசையையும் சும்மா தொட்டுவிட்டு, மூன்றாவதில் ஊன்றி, கடைசியைக் கைவிட்டுவிட வேண்டும். 'ரோஸ்' என்று ஒன்று அதில் இல்லவே இல்லை. அந்த ஸகரம் அடுத்த அசையோடு போய் ஒட்ட வேண்டியது. பென்சில் தட்டு எங்கே விழும் என்று அவளுக்குச் சந்தேகமேயில்லாமல் தெரியும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மாஸ்டர் நிறுத்தினார். கடதாசிக்கு மேலால் குசினிக்குள் பார்த்தார். பிறகு இன்னொரு முறை சொன்னார், இன்னும் உரக்க.

"அம்மா, அப்பா என்ன பாட்டுப் படிக்கிறார்?" என்று மகாதேவி கேட்டாள்.

"பாட்டில்லைப் பிள்ளை, பாடம். நீ போய் விளையாடு" என்றாள் ஞானாம்பிகை. திருவலையில் மறுபடி தேங்காயை வைத்தாள்.

அவள் சும்மா இருந்தாள் என்று சொல்வது நியாயமில்லை. அவள் படாத பாடு பட்டாள். யாரையாவது கொண்டு சொல்விக்கலாமா? பெண்சாதி சொல்லியனுப்பினாள் என்று தெரிந்தால் அதைவிட வெட்கம் வேறில்லை. தானே சொன்னால்? கண் முன்னால் அந்தப் பேப்பர் நான்காக மடிந்தது. அவர் ஆசையோடு பழகிக்கொண்டிருக்கிற பாடத்தையும் அப்படி மடித்து வைத்துவிட்டால்? இந்த விழாவுக்கு முன் அவருடைய மனம் உடைந்துவிட்டால்? ஒரு சொல் பிழைத்தால் என்ன, மனிசன் தெம்பாக நிற்கட்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொன்னாள். பயத்துக்குப் பாசம் என்று பெயர் வைத்துக்கொள்வது மிகச் சுலபம். நாங்கள் எல்லோரும் செய்கிறதுதான்.

ஒருநாள் அவர் கிணற்றடிக்குக் குளிக்கப் போன சமயம், அலுமாரியிலிருந்து அகராதியை எடுத்து அந்தச் சொல் இருக்கிற பக்கத்தை விரித்து மேசையில் வைத்தாள். அசை பிரித்து, பாரம் விழும் இடத்தில் சிறு கோடு போட்டிருந்தது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். விரிந்து கிடந்த பக்கத்தைக் குனிந்து பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். புத்தகத்தை மூடி அலுமாரியில் வைத்துவிட்டு, கடதாசியை எடுத்துக்கொண்டு மறுபடி குசினி வாசலுக்கு வந்தார். "ஹைக் – ரோஸ் –" என்று தொடங்கி, வழக்கமில்லாத வழக்கமாக நடுவில் நிறுத்தினார். அவளைப் பார்த்தபடி நின்றார்.

ஞானாம்பிகை அடுப்பை ஊதினாள். மனிசன் மறந்துபோய் நிற்கிறார் என்று நினைத்தாள்.

"கொப் – பிக்" என்று அவரே முடித்தார்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்த சனம். முன்வரிசையில் பிரக்கிராசி வக்கீல்மார், மலாயாப் பென்சன்காரர், கோவில் முதலாளிமார். நடுவில் துரை. பெண்கள் இருக்க வலது பக்கத்தில் வாங்கு போட்டிருந்தார்கள். ஞானாம்பிகைக்குப் பக்கத்தில் அவளுடைய விடுதிச் சிநேகிதி யோசப்பின் வந்திருந்தாள். பெண்கள் பள்ளிக்கூடம் ஒன்றில் ஆசிரியை. வாயில் வந்ததை அப்படியே சொல்லிவிடுகிற சுபாவம்.

மாஸ்டர் மேடையில் ஏறினார். கோட்டும் தலைப்பாகையுமாக அவர் நின்ற நிற்பைப் பார்த்து ஞானாம்பிகைக்குக் கண் கலங்கியது. பின்னால் அவருடைய மாணவர்கள் வரிசையாக நின்றார்கள். மேசையில் பித்தளைத் தராசு. ஒரு தட்டில் நொறுங்கக் காய்ந்த புகையிலை, மறு தட்டில் அதற்குச் சரியான படிக்கல். முள் நடுவில் நின்றது. பாடம் தொடங்கும்போதே இலைக்கு மேலால் உள்ளே ஈரத்துணி விரித்த கண்ணாடிக் கூடொன்றைக் கவிழ்த்துவிட்டார். பிறகு இலையின் கதையைச் சொல்லத் தொடங்கினார். வெயில், பனி, தோட்டக்காரன் விடியப்புறம் எழும்பி ஏன் சிப்பம் கட்டுகிறான் என்பது எல்லாம். எவ்வளவு அழகாகச் சொன்னார்! துரை கதிரையின் நுனிக்கு வந்துவிட்டார். எல்லோரும் பார்த்திருக்க, கூட்டைத் தூக்கி, அதுவரை தட்டைத் தாங்கி நின்ற கட்டையை விலக்கினார். இலை இருந்த தட்டு மெள்ள, மிக மெள்ளக் கீழே இறங்கியது. காற்றிலிருந்த ஈரம் நிறையாக மாறியதை அந்த மண்டபம் கண்ணால் கண்டது.

அங்கேயே நிறுத்தியிருந்தால் ஆய்வுகூடம் அவருடையது.

மாஸ்டர் மாணவர் பக்கம் திரும்பினார். எங்கள் பள்ளிக்கூடங்களில் பாடம் என்றால் கடைசியில் வகுப்பு முழுவதும் சேர்ந்து சொல்ல வேண்டும். சேர்ந்து சொன்னால்தான் பாடம் முடிந்தது என்று அர்த்தம். அப்படிப்பட்ட பொருளை என்னவென்று சொல்லுவோம் என்று ஆங்கிலத்தில் கேட்டு, கையை உயர்த்தினார். அந்த இடத்தில் ஒரு கணம் பெண்கள் பக்கம் பார்த்தார். ஞானாம்பிகை தலையைக் குனிந்துகொண்டாள். அவருடைய கை இறங்கியது. வகுப்பு முழுவதும் ஒரே குரலில், தேவாரம் பாடுகிற மாதிரி, நாலு தட்டுத் தட்டி முழங்கியது.

"ஹைக்! ரோஸ்! கொப்! பிக்!"

துரை கெட்டவரல்ல. அவருக்குச் சிரிப்பு வந்தது, மீசைக்குள் அடக்கிக்கொண்டார். ஆனால் முன்வரிசை முழுவதும் துரையின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. துரை சிரிக்கிறார்! ஏதோ பிழைத்துவிட்டது! உடனே முன்வரிசை சிரித்தது. முன்வரிசை சிரித்ததால் இரண்டாம் வரிசை சிரித்தது. அதைப் பார்த்து மண்டபம் சிரித்தது. அவர்களில் அந்தச் சொல்லை முன்பின் கேட்டவர்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். சிரித்தவர்களை நிறுத்தி வைத்து, நீ சொல்லு பார்ப்போம் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்பதற்கு யாருமில்லை. மாணவர்கள் தாங்கள் சரியாகச் சொல்லியதற்குக் கிடைத்த வரவேற்பு என்று நினைத்து இன்னொரு முறை சொன்னார்கள்.

துரை நன்றி சொல்ல எழும்பியபோது, தராசு இறங்கியதைத் தான் மறக்கப் போவதில்லை என்றார். பேச்சின் நடுவில் அந்தச் சொல்லை அவரும் சொன்னார். முதல் இரண்டையும் தொட்டு, மூன்றாவதில் ஊன்றி, கடைசியைக் கைவிட்டு. வேண்டுமென்று குத்திக்காட்டவில்லை, அவருக்கு அது அப்படித்தான் வரும். மேடை ஓரத்தில் நின்ற மாஸ்டரின் உதடுகள் ஒலியில்லாமல் அசைந்ததை ஞானாம்பிகை கண்டாள்.

"எடியே ஞானம்," என்று யோசப்பின் அவள் காதுக்குள் சொன்னாள். "நீ வீட்டிலைதானே இருந்தனி? ஒருக்கால் சொல்லிக் குடுத்திருக்கலாமே அடி?"

"அவருக்கு நான் சொல்லுறதோ?"

"வேறை ஆர் சொல்லுறது? ஊர்ச்சனமோ?"

வண்டிலில் வீடு திரும்பும்போது மகாதேவி தாயின் மடியில் நித்திரையாகிவிட்டாள். மாஸ்டர் வழி முழுவதும் மாட்டின் கொம்பையே பார்த்துக்கொண்டு வந்தார். வீட்டில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு, பொழுது இன்னும் சாயாத வெளிச்சத்தில், குசினிக்குள் போட்டிருந்த பலகையில் வந்து இருந்தார். அவள் தேத்தண்ணி வைத்தாள். அவர் தொடவில்லை.

"இஞ்சேரும். உமக்கு அந்தச் சொல்லு முந்தியே தெரியுமோ?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் நினைத்தாள். அவருடைய முகத்தைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

"ஓம்."

"எப்ப துடக்கம்?"

"முதல் நாள் துடக்கம். எனக்குப் பயமாயிருந்ததப்பா. அண்டைக்கு அண்ணை வீட்டிலை நான் சிரிச்சதுக்குப் பிறகு நீங்கள் உரத்துப் பேப்பர் வாசிக்கேல்லை. இதையும் விட்டிடுவியளோ எண்டு..."

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"நான் எழுதுறது வாசிக்கிறது எல்லாம் விறாந்தையிலை. இத்தினை வருசத்திலை ஒருநாளாவது குசினி வாசல்லை வந்து நிண்டு வாசிச்சிருக்கிறனோ? உந்தப் புகையுக்கை கண்ணெரிய எரிய நிண்டு ஆருக்கு வாசிச்சனான் எண்டு நினைச்சீர்?"

ஒவ்வொரு பின்னேரமும் கடதாசிக்கு மேலால் உள்ளே வந்த அந்தப் பார்வை இப்போதுதான் ஞானாம்பிகைக்கு வந்து சேர்ந்தது. ஐயோ, எவ்வளவு கண்கெட்டவளாக இருந்துவிட்டேன் என்று நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

"ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே நீங்கள்..."

"கேக்க எனக்கு வாய் வரேல்லை. அது என்ரை பிழைதான், உம்மிலை போடேல்லை. ஆனால் வாயாலை கேக்கேல்லையெண்டாலும் ஒவ்வொரு நாளும் வந்து கேட்டனான்."

"அகராதியை விரிச்சு வைச்சனே..."

"கண்டனான். கோடும் புள்ளியும் கிடந்தது. கோட்டுக்குச் சத்தம் இருக்கே? சத்தம் உம்மடை வாயிலையெல்லோ இருந்தது."

அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கி ஏறுகிற சத்தம் நெடுநேரம் கேட்டது.

அடுத்த கிழமை மனேச்சர் அவரைக் கூப்பிட்டு மிகவும் மரியாதையாகக் கதைத்தார். "மாஸ்டர், உங்கடை பாடத்திலை ஒரு குறையுமில்லை. ஆனால் பிள்ளையள் நாளைக்குக் கொழும்பிலை போய் நாலு பேருக்கு முன்னாலை கதைக்கவேணும் பாருங்கோ." மாஸ்டர், விளங்குது என்றார். மதராசுக்குக் கடிதம் போயிற்று. பட்டதாரி வந்து சேர்ந்தார்; நல்ல இளைஞர், தன்மையானவர், மாஸ்டரை எங்கே கண்டாலும் எழுந்து நின்று கும்பிடுவார். அவர் ஒரு திமிர்பிடித்தவராக இருந்திருந்தால் மாஸ்டருக்கு வெறுப்பதற்காவது ஒருவர் கிடைத்திருப்பார். மாஸ்டர் கீழ்வகுப்புகளுக்குப் போத்தலையும் மெழுகுதிரியையும் வைத்துப் படிப்பித்தார். புதிய கட்டடத்தைக் கடந்து போகிற வேளைகளில் உள்ளே பார்க்க மாட்டார்.

வீட்டில் சண்டையில்லை. அதுதான் பாரமாக இருந்தது. அவர் இரைந்து பேசவுமில்லை, முகத்தைத் திருப்பவுமில்லை. சாப்பாட்டைப் புகழ்ந்தார், மகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார், அவளைக் கோவிலுக்குக் கூட்டிப்போனார். ஆனால் குசினி வாசலுக்குக் கடதாசியோடு வரவில்லை. ஞானாம்பிகை பின்னேரங்களில் அடுப்படியில் இருந்துகொண்டு காது கொடுத்துக் காத்திருப்பாள். ஒரே ஒரு சொல், எந்தச் சொல்லாவது, அவர் பிழையாகச் சொல்லட்டும். ஓடிப்போய்த் திருத்தி, அவர் ஏசினாலும் அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றிருந்தாள். அவர் விறாந்தையில் உதட்டை மூடிக்கொண்டு வாசித்தார். ஒருமுறை வெட்கத்தை விட்டு, "உரத்து வாசியுங்கோவன், நானும் கேக்கிறன்" என்றுகூடக் கேட்டாள். "உமக்கு வேலை கிடக்கு" என்று சிரித்தபடி சொல்லிவிட்டார்.

இப்படியே காலம் போய், யுத்தம் வந்து, அரிசிக்குக் கூப்பன் வந்தது. ஒரு ஆவணியில் மாஸ்டருக்கு நெருப்புக்காய்ச்சல் பிடித்தது. மகாதேவி அப்போது விடுதியில் படித்துக்கொண்டிருந்தாள். ஞானாம்பிகை அவருடைய கட்டிலை விட்டு நகரவில்லை. நெற்றிக்கு ஈரத்துணி போட்டு, கஞ்சித் தெளிவைக் கரண்டியால் ஊட்டி, பகல் முழுவதும் பக்கத்தில் இருந்தாள். அப்படி இருக்கையில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. அவர் பிழை விட்டுத் தான் திருத்துவது இனி நடக்காது. தான் பிழை விட்டால்? விஞ்ஞான வாத்தியார், பொறுப்பாரா? "அடி மக்கு, அப்படியில்லை" என்று ஒரு சிரிப்பாவது வராதா? ஒருவர் முன் ஒருவர் பிழை விடலாம் என்று ஆகிவிட்டால், பழையது எல்லாம் கரைந்துவிடாதா?

ஒரு மத்தியானம் டொக்டர் கொடுத்துவிட்டுப் போன கண்ணாடிக் குழாயை அவருடைய நாக்கின் கீழிருந்து எடுத்து, யன்னல் வெளிச்சத்தில் பிடித்தாள். விடுதியில் சீமாட்டி ஆயிரம் தரம் தட்டிய சொல் அது; டொக்டர் வாயால் மாஸ்டரும் நாளும் கேட்ட சொல். அவள் அதை நாலு சம துண்டாக வெட்டினாள்.

"தெர் – மோ – மீற் – றர் இறங்கிக்கொண்டு வருதப்பா."

மாஸ்டர் கண்ணைத் திறந்தார். காய்ச்சலில் குழிவிழுந்த கண்கள் அவளிடம் வந்து நின்றன. முதலில் ஒரு சிரிப்பின் சாயல் ஓடியது போலத்தான் தெரிந்தது. அவள் ஆவலோடு குனிந்தாள். அந்தச் சாயல் மெள்ள மறைந்தது. அவருக்கு விளங்கிவிட்டது.

"ஞானம்," என்றார். அவளைப் பெயர் சொல்லி அவர் கூப்பிடுவது அருமை. "அண்டைக்கு எனக்காகச் சரியாச் சொல்லேல்லை. இண்டைக்கு எனக்காகப் பிழையாச் சொல்லவேண்டாம்."

கோபமில்லாமல்தான் சொன்னார். சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ஞானாம்பிகை குழாயைக் கையில் பிடித்தபடியே இருந்தாள். மூச்சு ஒரே சீராகி அவர் நித்திரையான பிறகு, தான் வெட்டிய அந்தச் சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்னாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கஞ்சியை இறக்கப் போனாள்.